ஐந்தாம் அத்தியாயத்துப் பூஜ்ஜியம்

ஜூன் 9, திங்கள்

இன்றைக்கு யாரையாவது திட்டியே ஆகவேண்டும். வீட்டில் ஆள் இல்லை. என் வீட்டுக்காரர் பள்ளிக்கூட மைதானத்தில் விசில் ஊதிக்கொண்டிருக்கிறார். அதனால் கூட்டுறவு வங்கியில் கொடுத்த இந்த டைரி மாட்டிக்கொண்டது. ஜனவரியிலிருந்து ஒரு வரி எழுதாமல் கிடந்தது, பாவம்.

விஷயம் இதுதான். என் பிஎச்.டி. ஆய்வேட்டுக்கு வெளித்தேர்வாளர் எழுதிய அறிக்கை வந்துவிட்டது. பெங்களூர்ப் பேராசிரியர் ரகோத்தமன். மூன்று பக்கம் எழுதியிருக்கிறார். கடைசிப் பத்தி வரைக்கும் பாராட்டு. தெளிவான நடையாம், அசாத்திய உழைப்பாம். படித்துக்கொண்டே போய் நான் சிரிக்கத் தொடங்கிய இடத்தில் மனுஷன் போட்டாரே ஒரு போடு! ‘ஐந்தாம் அத்தியாயத்தின் முக்கியக் கணித உறுப்பு உண்மையில் பூஜ்ஜியம் என்று கருதுகிறேன். வாய்மொழித் தேர்வில் ஆய்வாளர் இதற்குத் தகுந்த விடை தராவிட்டால் பட்டத்துக்குப் பரிந்துரைக்க இயலாது.’

ஐந்தாம் அத்தியாயம்தான் என் ஆய்வேடு. முதல் நான்கும் அதற்குப் போட்ட பந்தல்.

என் கைடு குலசேகரன் சார் போன் செய்தார். “பதட்டப்படாதீங்க, ஆவுடையம்மாள்” என்றார். “நான் எதுக்கு சார் பதட்டப்படணும்?” என்றேன்.

எனக்குப் பதட்டமெல்லாம் கிடையாது. சாயங்காலம் பரணில் கிடந்த பித்தளைப் பாத்திரங்களையெல்லாம் இறக்கிப் புளி போட்டுத் தேய்த்தேன். ரொம்ப நாளாகத் தேய்க்காமல் இருந்தது, அவ்வளவுதான்.

ஜூன் 10, செவ்வாய்

நான் வேலை பார்க்கிற கல்லூரியில் ரெஜினாவிடம் சொன்னேன். தமிழ்த்துறைக்காரி. கணக்கு என்றாலே கும்பிடு போடுவாள், ஆனால் என் கதை முழுவதையும் கேட்பாள்.

“ஏளா, பூஜ்ஜியம்னா போவட்டுமே. பாக்கி நாலு அத்தியாயம் இருக்குல்லா?”

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவள் டிபன் பாக்ஸைப் பிடுங்கி வைத்துக்கொண்டு பாடம் எடுத்தேன்.

“பாலைக் காய்ச்சி, ஆறவச்சு, உறை ஊத்தினா என்ன ஆகும்?”

“தயிரு.”

“உறைய ஊத்திட்டுக் காய்ச்சினா?”

“திரிஞ்சு போவும்.”

“அதே பாலு, அதே மோரு, அதே அடுப்பு. வரிசைதான வேற? மூணையும் அஞ்சையும் எப்படிப் பெருக்கினாலும் பதினஞ்சுன்னு ஸ்கூல்ல படிச்சோம்லா, அதுக்குப் பேரு பரிமாற்றுப் பண்பு. அது இல்லாத வடிவியல் ஒண்ணு இருக்கு. அதுல வரிசைய மாத்தினா விடை மாறும்.”

பிரபஞ்சம் பிறந்த அந்தக் கணத்தில் இடமே அப்படித்தான் இருந்திருக்கும் என்று வைத்துக்கொண்டு வேலை செய்கிறவர்கள் நாங்கள். முதலில் கிழக்கே அளந்து பிறகு வடக்கே அளந்தால் ஒரு விடை, மாற்றி அளந்தால் வேறு விடை. புள்ளி என்ற ஒன்றே அங்கே கிடையாது. அந்த இடத்தில் எழுந்த சிற்றலைகள்தான் பின்னால் விண்மீன் கூட்டங்களாகப் பருத்தன. நான் அந்த அலைகளை மும்மூன்றாக எடுத்துப் பெருக்கிப் பார்த்தேன். மூன்றையும் வலமாக வரிசை வைத்தால் வரும் விடைக்கும் இடமாக வைத்தால் வரும் விடைக்கும் ஒரு சின்ன வித்தியாசம் மிஞ்சியது. அந்த மிச்சம்தான் ஐந்தாம் அத்தியாயம். அது மிஞ்சவே மிஞ்சாது, அடிபட்டுப் போகும் என்கிறார் ரகோத்தமன்.

“மிஞ்சினா என்னளா?” என்று கேட்டாள் ரெஜினா.

“வானத்துல விண்மீன் கூட்டங்க சிதறிக் கெடக்கிறதுல வலது பக்கமும் இடது பக்கமும் ஒரே மாதிரி இருக்காது. பின்னால யாராவது நல்ல படம் எடுத்தா அதுல தெரியலாம்.”

“மிஞ்சலைன்னா?”

“எட்டு வருஷமா ஒண்ணுமில்லாததைக் கணக்குப் போட்டிருக்கேன்னு அர்த்தம்.”

ரெஜினா டிபன் பாக்ஸைத் திரும்ப வாங்கினாள். அதிலிருந்த முட்டையை என் பக்கம் தள்ளினாள்.

ஜூன் 12, வியாழன்

வாய்மொழித் தேர்வுக்கு நாள் குறித்தாகிவிட்டது. ஜூலை 3. அதைத் தள்ளிப்போடவும் முடியாது. பகுதிநேர ஆய்வாளர் என்பதால் ஏற்கெனவே இரண்டு தடவை நீட்டிப்பு வாங்கிவிட்டேன். ஜூலையோடு என் பதிவு காலாவதி ஆகிறது. அன்றைக்கு விடை சொன்னால் பட்டம், இல்லாவிட்டால் ஆய்வேட்டைக் கட்டிப் பரணில் வைக்கவேண்டியதுதான். பரண் இப்போது சுத்தமாகத்தான் இருக்கிறது.

குலசேகரன் சார் கூப்பிட்டு அனுப்பினார். நல்ல மனுஷர். ஆனால் வம்பு என்றால் பத்தடி தள்ளி நிற்பார்.

“அஞ்சாவது அத்தியாயத்தை எடுத்துருவோம். கடைசியில ‘இதை மேற்கொண்டு ஆராயலாம்’னு ஒரு பத்தி சேத்துக்கலாம். டிகிரி கைக்கு வந்துரும்.”

“சார், அதைத்தான சார் நான் மேற்கொண்டு ஆராய்ஞ்சு வச்சிருக்கேன்?”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன். வரும்போது கதவு கொஞ்சம் சத்தமாகத்தான் சாத்திக்கொண்டது. காற்று.

ஜூன் 13, வெள்ளி

எங்கள் ஊரில் வாய்மொழித் தேர்வு என்றால் சாப்பாடு போடவேண்டும். தேர்வாளர், துறைக்காரர்கள், கேள்வி கேட்க வந்தவர், கேட்காமல் தூங்க வந்தவர் எல்லாருக்கும். சட்டத்தில் இல்லை, ஆனால் போடாமல் யாரும் டாக்டர் ஆனதில்லை.

இவர் என்னைக் கேட்காமலே சமையல்காரரிடம் போய்ச் சொதிக்குச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். சொதி! தேங்காய்ப்பால் ஊற்றி, கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளைக்குப் போடுகிற விருந்து.

“வைவாவுக்குப் போயி யாராவது சொதி போடுவாங்களா? இது என்ன கல்யாணமா?”

“கல்யாணம் நமக்கு ஒரு நாள்ல முடிஞ்சிட்டு. இது எட்டு வருஷம்லா ஓடுது. சொதி இல்லாம எப்படி?”

“பூஜ்ஜியம்னு ஆயிட்டுன்னா?”

“ஆனா என்ன? வந்தவங்களுக்குப் பசிக்காதா?”

பி.டி. மாஸ்டரைக் கட்டிக்கொண்டால் இப்படித்தான். எல்லாமே அவருக்கு மேட்ச். தோற்றாலும் ஜெயித்தாலும் ஆட்டம் முடிந்ததும் சாப்பாடு.

ஜூன் 15, ஞாயிறு

ரகோத்தமனின் வாதத்தை வரிவரியாகப் பிரித்து உட்கார்ந்தேன். ஆள் கெட்டிக்காரர். எல்லாம் ஒரே ஒரு படியில் நிற்கிறது. நாங்கள் அதைச் ‘சுழற்றுவது’ என்போம். மூன்று அலைகளைப் பெருக்கி மொத்தமாகக் கூட்டும்போது, கடைசியில் நிற்பதைத் தூக்கி முதலில் வைத்தாலும் கூட்டுத்தொகை மாறாது. இந்தத் தொழிலில் எல்லாரும் யோசிக்காமல், சாப்பிட்டதும் கையைக் கழுவுகிற மாதிரி செய்வது. அப்படி இரண்டு தடவை சுழற்றி, வலத்தையும் இடத்தையும் அடித்துவிட்டுப் பூஜ்ஜியம் என்கிறார்.

சரி, சோதித்துப் பார்த்துவிடுவோம் என்று இருப்பதிலேயே எளிய பிரபஞ்சத்தை எடுத்துக்கொண்டேன். விரிவது கிடையாது, சுருங்குவது கிடையாது, சும்மா நிற்கும்.

ஜூன் 17, செவ்வாய்

அவர் சொன்னது சரி. பூஜ்ஜியம்.

ஜூன் 18, புதன்

கல்லூரிக்கு லீவு. மின்விசிறி மூன்றையும் துடைத்தேன். ஜன்னல் கம்பி துடைத்தேன். மிக்சி ஜாருக்கு அடியில் இருந்த அழுக்கைப் பல்குத்தும் குச்சி வைத்து எடுத்தேன். தேய்த்து வைத்த பித்தளையை மறுபடியும் தேய்த்தேன்.

இவர் வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்தார். பளபளப்பைப் பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது. சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு உப்புமா கிண்டினார். வாயில் வைக்க விளங்கவில்லை, ஒரே உப்பு. இரண்டாவது தடவையும் வாங்கிச் சாப்பிட்டேன்.

ஜூன் 19, வியாழன்

குலசேகரன் சாருக்குப் போன் செய்து ஐந்தை எடுத்துவிடலாம் என்று சொல்ல நினைத்தேன். நம்பரை எடுத்தேன். வைத்துவிட்டேன்.

ஜூன் 21, சனி

அவசரமாக எழுதுகிறேன். எழுத்து கோணலாக வந்தால் வரட்டும்.

இவர் மதியச் சாப்பாட்டை மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டார். இத்தனை வருஷத்தில் சோற்றை மறந்த மனுஷர் இல்லை, இன்றைக்கு என்னவோ மறந்துவிட்டார். “கொஞ்சம் கொண்டாந்து குடு ஆவுட, அப்படியே ரெண்டு செட் பாத்துட்டுப் போ” என்று போனில் வேறு சொன்னார். வெயில் இல்லை, குற்றாலத்துச் சாரல் காற்று இங்கே வரை அடித்தது. மைதானத்துக் கல்லில் உட்கார்ந்து வாலிபால் பார்த்தேன்.

சர்வீஸ் கிடைத்ததும் ஆறு பேரும் ஓரிடம் நகர்ந்து சுற்றுவார்கள். பின்னால் நின்றவன் முன்வரிசைக்கு வருவான். சுற்றினாலும் அணி அதே அணி, வரிசை அதே வரிசை. அதைப் பார்த்ததும் ரகோத்தமனின் சுழற்றல்தான் ஞாபகம் வந்தது.

அப்போது இவர் ஒரு விசில் அடித்தார். மஞ்சள் பனியன் போட்ட ஒருத்தன் கோட்டுக்கு வெளியே ஓடினான், வேறொருத்தன் உள்ளே வந்தான்.

“அவன் எதுக்குப் போறான்?” என்று கேட்டேன்.

“அவன் லிபரோல்லா. பின்னாடி மட்டும்தான் ஆடலாம். முன்வரிசைக்கு வரும்போது வெளிய போயிரணும், பழைய ஆளு வந்துருவான்.”

பின்னால் நின்றவன் ஒருத்தன். சுற்றி முன்னால் வந்தவன் வேறொருத்தன்.

அடி கூறுகெட்டவளே! விரிவு! விரியாத பிரபஞ்சத்தில் சுழற்றினால் ஒன்றும் ஆகாது, சரிதான். ஆனால் ஆதிப் பிரபஞ்சம் பேயாட்டம் ஆடிக்கொண்டு விரிகிறது. வரிசையை மாற்றினால் எவ்வளவு வித்தியாசம் வரும் என்பதே அங்கே கணத்துக்குக் கணம் மாறுகிறது. கடைசியில் நின்ற அலையைத் தூக்கி முதலில் வைத்தால், வந்து நிற்பது பழைய அலை இல்லை. சுழற்றவே கூடாது! சுழற்றினால் ஒரு மிச்சம் விழும். நான் எளிதாக இருக்கட்டும் என்று விரிவையே நிறுத்தி வைத்துவிட்டுச் சோதித்திருக்கிறேன். அடுப்பை அணைத்துவிட்டுப் பால் ஏன் பொங்கவில்லை என்று கேட்ட கதை.

எழுந்து ஓடி வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் பார்த்தேன், டிபன் பாக்ஸ் என் கையில் இருக்கிறது.

ஜூன் 24, செவ்வாய்

பூஜ்ஜியம் இல்லை. மூன்று வழியில் போட்டுப் பார்த்துவிட்டேன். பூஜ்ஜியம் இல்லை, பூஜ்ஜியம் இல்லை, பூஜ்ஜியம் இல்லை.

ஜூன் 26, வியாழன்

சந்தோஷத்தில் மண் விழுந்தது.

மிச்சம் இருக்கிறது, ஆனால் என் ஆய்வேட்டில் நான் போட்ட எண் தப்பு. ஐந்தாம் அத்தியாயத்தின் நடுவில் ஓர் இடத்தில் நானும் கையைக் கழுவுகிற மாதிரி ஒரு சுழற்று சுழற்றியிருக்கிறேன். பாவி! அதனால் மிச்சத்தில் பாதி அங்கேயே அடிபட்டுப் போயிருக்கிறது. உண்மையான விடை நான் எழுதியதைப் போல இரண்டு மடங்கு. ரகோத்தமனைத் திட்டிய அத்தனை திட்டிலும் எனக்கும் பங்கு உண்டு.

குலசேகரன் சாரிடம் காட்டினேன். ரொம்ப நேரம் தாளைப் பார்த்தார். நிமிர்ந்தபோது முகம் அப்படியே மலர்ந்திருந்தது. “அவருக்குப் பதில் கெடச்சிருச்சு” என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தினார்.

“இந்த இரண்டு மடங்கு விஷயத்தை நீங்களா எதுக்குச் சொல்றீங்க? அவர் பூஜ்ஜியமான்னு கேட்டிருக்கார். இல்லைன்னு காட்டுங்க. போதும். பின்னால கட்டுரையா எழுதும்போது திருத்திக்கலாம். ஆய்வேட்டுல தப்பு இருக்குன்னு நீங்களே சொன்னா, திருத்தி மறுபடியும் அனுப்புன்னு எழுதிட்டார்னா? உங்க பதிவு முடியுதே!”

அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அதுதான் எரிச்சல்.

ஜூன் 29, ஞாயிறு

இவரிடம் கேட்டேன். பந்து கோட்டுக்கு வெளியே விழுந்தது ரெஃப்ரீக்குத் தெரியவில்லை, உங்கள் டீம் பையனுக்குத் தெரியும், என்ன செய்யச் சொல்வீர்கள் என்று.

“ஃபைனல்ஸா?”

“ஆமா.”

ரொம்ப யோசித்தார். “தெரியல ஆவுட” என்றார். நேர்மையான மனுஷர்.

ஜூலை 1, செவ்வாய்

குளிர்சாதனப் பெட்டியைக் காலி செய்து துடைத்தேன்.

ஜூலை 2, புதன்

இவர் பித்தளைப் பாத்திரங்களைப் பந்தியில் பரிமாறுவதற்குக் கேட்டார். எடுத்துப் போங்கள் என்றேன். தேய்த்துத்தான் இருக்கிறது.

ஜூலை 3, வியாழன்

சாயங்காலம் ஆறு மணி. அறிவித்தபடியே தொடங்கி, அறிவித்ததற்கு மேல் ரொம்ப நேரம் நடந்து முடிந்தது. நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

அரங்கம் நிறைந்திருந்தது. ரெஜினா தமிழ்த்துறை இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளை மொத்தமாக ஓட்டிக்கொண்டு வந்து உட்கார வைத்திருந்தாள். சொதி என்று சொல்லித்தான் கூட்டி வந்திருக்கிறாள். இவர் கடைசி வரிசையில். டிராக் சூட் இல்லை, வெள்ளைச் சட்டை, இஸ்திரி போட்டது. எனக்கே அடையாளம் தெரியவில்லை.

ரகோத்தமன் சின்ன உருவம். நான் எட்டடி ஆளை எதிர்பார்த்திருந்தேன்.

நான்கு அத்தியாயத்தையும் திரையில் போட்டு ஓட்டினேன். ஐந்து வந்ததும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “இப்ப என் கேள்விக்கு வாங்கம்மா” என்றார். திரையை அணைக்கச் சொல்லிவிட்டுச் சாக்பீஸை எடுத்தேன்.

அந்த நிமிஷம் வரை நான் முடிவு செய்யவில்லை. சத்தியமாகச் செய்யவில்லை. வாயைத் திறந்தால் இது வருகிறது:

“சார், நீங்க கேட்டதுக்கு முன்னாடி நீங்க கேக்காத ஒண்ணைச் சொல்லணும். இந்த அத்தியாயத்துல நான் போட்டிருக்கிற எண் தப்பு.”

குலசேகரன் சார் கண்ணை மூடிக்கொண்டார். பின்வரிசையில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது.

கரும்பலகையில் எழுதிக் காட்டினேன். இங்கே சுழற்றினேன், சுழற்றியிருக்கக் கூடாது. ஏன் கூடாது என்று பிள்ளைகளைப் பார்த்துக் கேட்டேன். “வாலிபால்ல லிபரோ தெரியுமா?”

“தெரியும்!” என்று கடைசி வரிசையிலிருந்து ஒரே ஒரு கட்டைக் குரல். அரங்கமே சிரித்தது. ரகோத்தமனும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். அதற்கப்புறம் நான் பேசவில்லை, கணக்குப் பேசியது. விரிவை உள்ளே விட்டேன், சுழற்றாமல் வலத்தைப் போட்டேன், இடத்தைப் போட்டேன், கழித்தேன். பலகையின் அடியில் மிச்சம் வந்து நின்றது. ஆய்வேட்டில் இருந்ததைப் போல இரண்டு மடங்கு.

ரகோத்தமன் எழுந்து வந்தார். என் கையிலிருந்த சாக்பீஸை வாங்கிக்கொண்டு, பலகையின் மறுபாதியில் தன் வாதத்தை முதலிலிருந்து எழுதினார். சுழற்றும் படி வந்தது. கை நின்றது. அந்தப் படிக்கு அடியில் ஒரு கோடு போட்டார்.

“விரிவைக் கொஞ்சம் கொஞ்சமா நிறுத்தினா உங்க மிச்சம் என்னாகும்?” என்று பலகையைப் பார்த்தபடியே கேட்டார்.

“பூஜ்ஜியத்துக்குப் போயிரும் சார். அங்க நீங்க எழுதினதுதான் சரி. நானே போட்டுப் பாத்தேன்.”

அவர் திரும்பினார். கையெல்லாம் சாக்பீஸ் தூசி.

“என்னோட சொந்தக் கட்டுரையில இதே வரி இருக்கும்மா. நானும் இத்தனை வருஷமா சுழற்றிக்கிட்டேதான் இருந்திருக்கேன். ஒருத்தரும் கேக்கலை” என்றார். பிறகு கூட்டத்தைப் பார்த்து, குரலை உயர்த்தி: “ஐந்தாம் அத்தியாயம் நிற்கிறது. நான் நினைச்சதைவிட ரெண்டு மடங்கு உறுதியா நிற்கிறது. அந்த ஒரு எண்ணைத் திருத்தி நாளைக்கே குடுத்துட்டாப் போதும். திருமதி ஆவுடையம்மாளுக்கு முனைவர் பட்டம் வழங்க முழுமனசோட பரிந்துரை செய்யறேன்.”

கைதட்டல் தொடங்கும் முன்னாலேயே விசில் சத்தம் கேட்டது. நிஜ விசில். வெள்ளைச் சட்டைப் பையில் அதைக் கொண்டுவந்திருக்கிறார் இந்த மனுஷர்! பல்கலைக்கழக அரங்கத்தில், பேராசிரியர்கள் முன்னால், மேட்ச் ஜெயித்த நீள விசில். தமிழ்த்துறைப் பிள்ளைகள் எழுந்து நின்று கத்தினார்கள். ரெஜினா மேடைக்கே ஏறி வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். குலசேகரன் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். எனக்கும் கண் கலங்கியது போல இருந்தது. சாக்பீஸ் தூசி.

சாப்பாட்டுப் பந்தியில் ரகோத்தமன் என் பக்கத்து இலை. நாங்கள் இரண்டு பேரும் நான்காவது அலையைச் சேர்த்தால் என்ன ஆகும் என்று இலையோரத்தில் இஞ்சிப் பச்சடியைத் தொட்டுக் கோடு போட்டுக்கொண்டிருந்தோம். இவர் பித்தளை வாளியோடு எங்கள் இலைக்கு எதிரில் வந்து நின்றார்.

“சொதி ஆறுது. பிரபஞ்சம் ஆறாது. மொதல்ல சாப்பிடுங்க.”

ரகோத்தமன் மூன்றாவது தடவை கேட்டு வாங்கினார்.

வீட்டுக்கு வந்ததும், கதவைத் திறப்பதற்கு முன்னால் இவர் மெதுவாகக் கேட்டார். “நெசமாவே பூஜ்ஜியம் இல்லேல்லா?”

“இல்ல.”

“அந்தத் தப்ப நீயாச் சொன்னப்ப எனக்கு நெஞ்சே நின்னுட்டு.”

“எனக்கும்தான்” என்றேன். முதல் தடவையாகச் சொல்கிறேன், இந்த டைரியிடம்கூடச் சொன்னதில்லை. பயம். ஜூன் ஒன்பதாம் தேதியிலிருந்து ஒரே பயம்.

இப்போது அவர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டார், விசில் கழுத்தில். பந்தியிலிருந்து வந்த பித்தளைப் பாத்திரங்கள் தொட்டி நிறையக் குவிந்து கிடக்கின்றன. தேங்காய்ப்பால் காய்ந்து அடியில் பிடித்திருக்கிறது, மேலெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு.

கிடக்கட்டும்.